பாதத்தை விட்டுவிடும்படி சில்வேரியோவுக்கு

பொக்கா மான்சா,
வியாழக்கிழமை முற்பகல்.

ஒரு காலத்தில் என் பேரன்புக்கும், பல காலங்களில் என் பெருங்கோபத்துக்கும் உரியவராக விளங்கி, தற்போது ஊமைப் பாறைக்கு அடியில் எங்கோ வாசம் செய்யும் காலஞ்சென்ற கணவர் சில்வேரியோ பெகேரோ அவர்களுக்கு, அவருடைய விதவையும் நாளை மறுநாள் முதல் வேறொருவருடைய மனைவியுமாகிய ஒனேலியா எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம் என்று எழுதுவதே முறை. இக்கடிதம் முழுவதும் என் நலக்குறைவு பற்றியதே ஆதலால் அந்த வாக்கியத்தை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேன். தங்கள் நலத்தை வினவுவதும் முறையே. ஆனால் தாங்கள் படகிலிருந்து காற்று வரும் குழாயைப் பல்லில் கவ்விக்கொண்டு சங்கெடுக்கக் கடலில் இறங்கி, குழாய் மட்டும் தனியே மேலே வந்த நாள் முதல் அக்கேள்விக்கு விடை தரத்தக்கவர் இவ்வூரில் எவருமில்லை. வாழ்ந்த நாளெல்லாம் தங்களை ‘நீ’ என்றும், ரம் குடித்துவிட்டு வந்த நாள்களில் அதனினும் தாழ்ந்த சொற்களாலும் விளித்தவள் இன்று ‘தாங்கள்’ என்கிறாளே என வியக்க வேண்டாம். இது மரியாதை அன்று, தூரம். நமக்கிடையே இப்போது கிடக்கும் ஆழத்துக்கு ‘நீ’ என்னும் சிறிய சொல் எட்டாது.

வழக்கை முறைப்படி தொடங்குகிறேன். ஐஸ் கிடங்கு நடத்தும் நிகானோரைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் சங்குகளுக்கும் இறால்களுக்கும் ஐஸ் போட்டுக் கொடுத்த அதே மனிதர்தான். தங்கள் மறைவுக்குப் பின் கௌரவமான இடைவெளி விட்டு, ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் பார்க்கும்படி என் குடையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தார். பின்னர் ஒரு நாள் திருமணம் பற்றிப் பேசினார். நானும் யோசித்து, தனியாகச் சமைத்துத் தனியாக உண்பதில் உப்புகூடச் சரியாக அமைவதில்லை என்பதைக் கருத்தில் கொண்டு, இசைவு தெரிவித்தேன். இதில் தங்களுக்கு ஆட்சேபம் இருக்கும் என்பதை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு கார்னிவலுக்கும் நடுவீதியில் நின்று, என் தோளில் கை போட்டு, ஊரார் காது கேட்கத் தாங்கள் உரைத்தது இதுதான்: “நான் செத்தப்புறம் இவ வேற எவனையாச்சும் கட்டினா, வந்து காலைப் புடிச்சு இழுப்பேன், பாத்துக்கங்க.” இறந்தவர்கள் உறங்குகிறவர்களின் காலை இழுப்பார்கள் என்பது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆகவே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி மீனுக்கு வருகிறேன். பரிசம் போட்ட வாரத்தில் நிகானோர் ஒரு பெரிய சீலா மீனைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் வால் அவர் முழங்காலைத் தொட்டது. சீலா மீனில் சில நேரம் நஞ்சிருக்கும் என்பது ஊரறிந்ததே. நானோ எதையும் சோதியாமல் வாயில் இடுபவள் அல்லள். முதலில் மீனை முற்றத்து வெயிலில் வைத்து ஈக்கள் அமர்கின்றனவா எனப் பார்த்தேன். திருவிழாவுக்கு வந்தவைபோல் அமர்ந்தன. அடுத்து அல்தாகிராசியா மாதாவின் வெள்ளிப் பதக்கத்தை மீனோடு சேர்த்துக் கொதிக்கவிட்டேன், மாதா கறுக்கவில்லை. இறுதியாக, தாங்கள் பிஷப் என்று பெயர் சூட்டி ஊரின் பக்திமான்களை மனம் நோகச் செய்த பூனைக்கு வால்துண்டைக் கொடுத்து, ஒரு செபமாலை சொல்லி முடிக்கும்வரை கவனித்தேன். பிஷப் உண்டு, மீசையைத் துடைத்து, மேலும் கேட்டார். இதற்கு மேல் எந்தப் பல்கலைக்கழகம் என்ன சோதனை செய்துவிடும்? தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தேன். நிகானோர் நடுத்துண்டை வறுத்து உண்டார். தலையை நான் எடுத்துக்கொண்டேன். மீன்தலை எப்போதும் எனக்குத்தான் என்பது தங்கள் காலத்திலேயே தீர்மானிக்கப்பட்ட விஷயம்.

மறுநாள் நண்பகல். வயிற்றில் எழுந்த கலகம் பற்றி எழுதுவது நாகரிகமன்று. அது வந்தது, போயிற்று. பகல் உறக்கத்துக்குப் படுத்திருந்தேன். வீதியில் நாய்கூட நடமாடாத வெயில். தகரக் கூரை மட்டும் சூட்டில் முனகிக்கொண்டிருந்தது. அப்போது என் உதடுகளில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. துடைத்துப் பார்த்தேன், எறும்பில்லை. அது கன்னத்துக்குப் போகாமல், நாகரிகமாக என் உடலைச் சுற்றிக்கொண்டு நேரே பாதங்களுக்கு இறங்கியது. முதலில் மதமதப்பு. பிறகு ஊசி ஊசியாகக் குத்தல். அதன் பிறகு, சில்வேரியோ, ஒரு பிடி. ஈரமான கை பிடித்தால் எங்கெங்கே அழுந்துமோ அங்கங்கே அழுந்தியது. நான் உடனே எழுந்து காலைக் கழுவலாமென்று பானைத் தண்ணீரை ஊற்றினேன். நிழலில் இருந்த தண்ணீர், குளிர்ந்த தண்ணீர். அது நெருப்பாகச் சுட்டது. அலறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அங்கே காபிப் பாத்திரத்தில் கை பட்டது, அது எனக்குச் சில்லென்று இருந்தது.

அன்று முதல் உலகம் தலைகீழாயிற்று. கோயிலின் குளிர்ந்த தரை என் உள்ளங்காலைப் பொசுக்கியது. திருப்பலியின் நடுவே நான் காலை மாற்றி மாற்றி வைத்ததைக் கண்டவர்கள் நாட்டியம் என்றார்கள். பற்கள் ஈறில் நில்லாமல், அலையில் நிற்கும் படகுத்துறைக் கம்பங்கள்போல் மெல்ல அசைவதாகத் தோன்றின. தொட்டுப் பார்த்தால் அசையவில்லை. சந்தைக்குப் போனவள் ஒரு காலில் செருப்பில்லாமல் திரும்பி வந்திருக்கிறேன், கழன்றதே தெரியவில்லை. அந்த இடது செருப்பை மாலையில் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். கடற்கரையில், அலை வந்து தொடும் கோட்டில், கடலைப் பார்த்தபடி கிடந்ததாம். நான் அன்று கடற்கரைப் பக்கமே போகவில்லை. நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று அவரிடம் சொன்னேன். நாய்கள் செருப்பை அவ்வளவு நேராக வைப்பதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பிறருடைய நோய்களை இவ்வூரில் கண்டறிபவள் நானே என்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கன்னியாஸ்திரீகள் விட்டுச்சென்ற இல்ல மருத்துவக் களஞ்சியத்தை எழுத்துக்கூட்டிப் படித்து நானே தேர்ச்சி பெற்றேன். அதன் முதல் பாகம் மட்டுமே என்னிடம் உள்ளது. ஆகவே முதல் பாகத்தில் அடங்கும் நோய்கள் மட்டுமே பொக்கா மான்சாவில் இதுவரை பரவியிருக்கின்றன. மதமதப்புக்கு அந்நூல் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். காலை மடக்கி அமர்ந்ததால் நரம்பு அழுந்தியதோ என்றால், அது எழுந்து உதறினால் போய்விடும், போகவில்லை. சர்க்கரை நோயோ என்றால், அது ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. இது ஒரு பகலில் வந்தது. சோகையோ என்றால், என் கன்னத்தைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லார். மணப்பெண் காலணி இறுக்கமோ என்றால், அதை நான் இன்னும் அணியவில்லை. களஞ்சியம் தீர்ந்தது. கசில்டா தொடங்கினாள்.

மூலைக்கடையில் வறுத்த நிலக்கடலை விற்கும் கசில்டாவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. தங்களுக்குக் கடன் கொடுக்க மறுத்த ஒரே பெண்மணி அவள். என் வீட்டுக்குள் வந்தவள் நேரே என் பாதங்களைப் பார்த்தாள்.

“எந்தக் காலுடி?”

“ரெண்டும்தான். இடது கொஞ்சம் கூடுதல்.”

“அவன் எப்பவும் இடதுகைக்காரன்தானே?” என்றாள். “எதிர்ல நின்னு இழுத்தா வலது காலுல்ல வரணும்?” என்று தனக்குத்தானே கேட்டு, கையை நீட்டி மடக்கிக் கணக்குப் பார்த்து, “ஓ, தலைமாட்டுல நின்னு குனிஞ்சு இழுக்கிறான்” என்று முடிவுக்கு வந்தாள்.

“கசில்டா, இதுக்கு அறிவியல் காரணம் இருக்கும்.”

“இருக்கட்டும். அதுவரைக்கும் காலைப் போர்வைக்குள்ள வச்சுத் தூங்கு. செத்தவனுக்குக் காலுதான் கைப்பிடி.”

இதைக் கேட்கவும் வாசலில் அண்டை வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். நான் விடாமல், இது மீனின் நஞ்சாகவும் இருக்கலாம், பிஷப்புக்கும் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன, இறந்தவர் பூனையின் காலையுமா இழுப்பார் என்று வாதிட்டேன். அது நல்ல வாதம். ஆனால் கசில்டா கடலைப் பொட்டலத்தைச் சுருட்டியபடியே, “அந்த மீனை எங்க புடிச்சாங்களாம்?” என்றாள்.

“ஊமைப் பாறையில.”

“அப்ப அது நாலு வருஷமா என்னத்தத் தின்னு அவ்ளோ பெருசாச்சு?”

ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அடுப்படிக்குள் சென்று, தேங்காய்ப்பால் வாடை இன்னும் போகாத அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் ஒரே பேச்சு. சில்வேரியோ காலை இழுக்கிறான் என்பது பாதி. ஒனேலியா அவனைக் குழம்பு வைத்துவிட்டாள் என்பது மீதி.

நிகானோரின் காதுக்கு எந்தப் பாதி போயிற்றோ தெரியவில்லை. கிடங்கிலிருந்து நேரே வந்தவர், ஐஸ் அறுத்த கையோடு என் கையைப் பற்றினார். கொதிக்கும் எண்ணெயில் விட்டதுபோல் நான் கத்திக் கையை உதறிவிட்டேன். முதலில் அவர் மகிழ்ந்தார். என் அன்பின் வெம்மை என்று எடுத்துக்கொண்டார் போலும். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தம் உதடுகளும் சில நாள்களாகக் குறுகுறுப்பதை அப்போதுதான் சொன்னார். முத்தத்தினால் என்று நினைத்திருந்தாராம்.

“அவன் என்னையும் அறைஞ்சிருக்கான்” என்றார். “வாயிலேயே.”

“நிகானோர், நீங்க அந்த மீனைத் தின்னீங்க. அதான்.”

“ஒனேலியா, சில்வேரியோவுக்கு நான் ஐஸ் போட்டவன். அவன் என்னைய நம்புனான். அவன் சம்மதம் இல்லாம உன் கட்டில்ல நான் ஏற மாட்டேன். கல்யாணத்தத் தள்ளிப்போடுவோம்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“அவன் காலை விடுற வரைக்கும்.”

தங்கள் ஆட்சேபத்தின் விளைவு எத்தகையது என்பதைத் தாங்கள் உணர வேண்டும். மணவுடை தைத்தாயிற்று. பாதிரியார் கோயிலில் திருமண ஓலை வாசித்தாயிற்று. இந்த வயதில் ஒரு பெண்ணின் திருமணம் தள்ளிப்போனால் அது தள்ளிப்போவதில்லை, நின்றுபோகிறது. ஆகவே என் தன்மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கிராமச் சேவைக்காக ஓராண்டு வந்திருக்கும் இளம் மருத்துவர் யோகாஸ்தாவிடம் சென்றேன். அவர் என் களஞ்சியத்தை இகழ்ந்து பேசவில்லை, ‘தொன்யா’ என்று மரியாதையாகவே விளித்தார் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். மேசையில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் பாதத்தைத் தொட்டார்.

“எந்த விரலைத் தொடறேன், சொல்லுங்க தொன்யா ஒனேலியா.”

“நீங்க இன்னும் தொடல.”

“தொட்டுக்கிட்டுதான் இருக்கேன். கட்டை விரல்.”

“அப்ப குதிகாலைப் புடிச்சிருக்கிறது யாரு?”

மருத்துவர் படித்த பெண்தான், ஆனாலும் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தார் என்பதைக் கண்ணைச் சிறிது திறந்து நான் கண்டுகொண்டேன். பின்னர் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வெந்நீரும் குளிர்நீரும் எடுத்து வந்து காலில் வைத்தார். நான் வெந்நீரைக் குளிர்ச்சி என்றேன், குளிர்நீரைத் தீ என்றேன். உடனே அவர் முகம் மலர்ந்தது. என் துன்பம் கேட்டு மலர்ந்த முதல் முகம் அதுவே.

“சரி, என்ன மீன் சாப்பிட்டீங்க?”

அவர் விளக்கியதை என் நடையில் தருகிறேன். பவளப் பாறைமேல் படியும் பாசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் நஞ்சை உண்டாக்குகிறது. ஈ அதை அறியாது. வெள்ளி அதை அறியாது. கொதியும் உப்பும் அதை அழிக்கா. வால்துண்டு உண்ட பூனை மறுநாள்தான் தள்ளாடும். நஞ்சு உள்ளே போனால் நரம்பின் கதவுகள் திறந்தபடியே சிக்கிக்கொள்கின்றன. மூடாத கதவின் வழியே இல்லாத செய்திகள் ஓயாமல் மூளைக்குப் போகின்றன. எறும்பு இல்லை, ஆனால் எறும்பு என்கிறது. நெருப்பு இல்லை, ஆனால் நெருப்பு என்கிறது.

“கை இல்லை, ஆனா கைங்குது” என்றேன்.

“ஆமா, அப்படியும் சொல்லலாம்” என்றார்.

பெரிய மீனில் மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு அவர் சொன்ன சொற்கள் என் நெஞ்சில் பதிந்துவிட்டன: “பாசியைக் குட்டி மீன் திங்குது. குட்டி மீனை நடு மீன் திங்குது, அதைச் சீலா திங்குது, சீலாவை நீங்க தின்னீங்க. நடுவுல எதுவும் தொலைஞ்சு போறதில்ல தொன்யா, மேல மேல சேர்ந்துக்கிட்டேதான் வருது.” இதற்குத் தனி மருந்து இல்லையாம். தானே மெல்லப் போய்விடுமாம். பல மாதங்களுக்கு மீன் தொடக் கூடாது. ரம்மும் நிலக்கடலையும் ஆகாது, அவற்றைத் தொட்டால் போன குறுகுறுப்பு திரும்ப வந்து நிற்குமாம். மிச்சமிருந்த மீனைப் பூனை தோண்டாத ஆழத்தில் புதைக்கச் சொன்னார். பப்பாளி மரத்தடியில் புதைத்தேன். தங்களுக்குக் கிடைக்காத அடக்கம் அதற்குக் கிடைத்தது என்று கசில்டா சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை.

அவர் சொன்னபடியே ஆயிற்று. முதலில் உதடு விடுபட்டது, பிறகு பற்கள் நிலைகொண்டன, பிறகு கைகள். பிஷப் மதில் ஏறுகிறார். வலது பாதம் எனக்கே மீண்டுவிட்டது. இடது பாதத்தில் மட்டும், குதிகாலைச் சுற்றி, அந்தப் பிடி தளராமல் இருக்கிறது. இவை அனைத்தையும் நிகானோரிடம் எடுத்துரைத்தேன். நரம்பின் கதவுகளை அவர் ஏற்றுக்கொண்டார். ஐஸ் கிடங்கு நடத்துபவருக்குச் சரியாக மூடாத கதவின் கேடு புரியும். ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தார். கடலில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதைப் புட்டியில் அடைத்துப் போன இடத்திலேயே விடும் இவ்வூர் வழக்கப்படி, நான் தங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நாளை அவரே படகில் சென்று ஊமைப் பாறையில் அதை இறக்குவார். இறக்கிவிட்டால் சனிக்கிழமை திருமணம். என்ன எழுத வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. படிக்கவும் மாட்டார், தம்மைப் பற்றி ஏதாவது இருக்குமோ என்ற அச்சம்.

ஆகவே இதனால் அறிவிப்பது யாதெனில்: என் கால்களைப் பிடித்திருப்பது தாங்கள் அல்ல என்பது மருத்துவ முறைப்படி நிறுவப்பட்டுவிட்டது. இதைத் தங்களுக்கே தெரிவிப்பது முரணாகத் தோன்றலாம். எனினும் ஐயத்துக்கு இடமளியாமல் தெரிவிக்கிறேன். ஒருவேளை தாங்களாகவே இருப்பின், இக்கடிதம் கிடைத்த நேரம் முதல் இடது பாதத்தை விடுவித்துவிட வேண்டும். இனி என் ஆயுள் உள்ளவரை இரு கால்களையும் போர்வைக்குள் நன்கு செருகியே உறங்குவேன் என்பதையும் பதிவுசெய்கிறேன்.

ஊமைப் பாறையில் நீரோட்டம் தங்களுக்கு இதமாக இருக்கட்டும். அங்கே தங்களோடிருக்கும் மற்றவர்களுக்கும், குறிப்பாகத் தங்கள் மாமா ரெகுலோவுக்கும் என் வணக்கங்களைக் கூறவும். மாதா தங்களைத் தம் போர்வைக்குள் வைத்துக்கொள்வாராக. நான் என் போர்வைக்குள் இருக்கிறேன்.

தங்கள் மதிப்புக்குரிய விதவை,
ஒனேலியா பிரோமெத்தா.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. நிகானோர் வாசலில் புட்டியோடு நிற்கிறார். “எழுதி முடிச்சாச்சா ஒனேலியா? காத்து திரும்பிடும்” என்கிறார். கையெழுத்துத்தான் பாக்கி என்று சொல்லியிருக்கிறேன்.

விடிந்ததும் கால் கழுவினேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான், வெறுமனே குளிர்ந்திருந்தது. இன்னொரு செம்பு ஊற்றினேன். பிறகு கடற்கரைக்குப் போய் இடது காலை அலைக்குள் வைத்தேன். அது தண்ணீராகவே இருந்தது. குதிகாலைச் சுற்றி ஒன்றுமில்லை. எல்லோரும் எதிர்பார்த்தபடி நான் நலம். அந்த வாக்கியத்தை இங்கே எழுதிவிட்டேன்.

நெடுநேரம் அப்படியே நின்றேன், சில்வேரியோ. நடுவில் எதுவும் தொலைந்துபோவதில்லை என்று அந்த மருத்துவப் பெண் சொன்னாளே. சின்னது பெரியதுக்குள் போகிறது, பெரியது அதனினும் பெரியதுக்குள் போகிறது, கடைசியில் என் சட்டிக்கு வருகிறது என்றாளே. நாலு வருஷம் தேடியும் ஒரு பொத்தான்கூட கிடைக்காத மனுஷன், கடைசியில் வேறெப்படி வீட்டுக்கு வந்து சேருவான்? வந்தவனைத் தண்ணீர் குடித்துக் குடித்து, கடலை தின்னாமல், ரம் தொடாமல், நானே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பிவிட்டேன்.

மேலே எழுதியதைப் படிக்காதே. மை நிறையச் செலவாகிவிட்டது, அதனால் கிழிக்கவில்லை.

நாளைக்குக் கல்யாணம் நடக்கும். நிகானோர் நல்லவர், கை மட்டும்தான் சில்லென்று இருக்கும். கட்டிலில் வலப்பக்கம் அவருக்கு என்று சொல்லிவிட்டேன். கசில்டாவிடம் ஒரு பொட்டலம் கடலை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். இடது காலைப் போர்வைக்கு வெளியே வைத்துத்தான் தூங்குவேன்.

நீ மெதுவாக இழு. அவர் விழித்துக்கொள்ளப் போகிறார்.